மூன்று மணிக்கு நின்றுபோகும் இழைகள்

சென்னையில் ஐந்து நாள் இருந்தேன். அதில் மூன்று நாள், மத்தியானம் மூன்று மணி நெருங்க நெருங்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பினாங்கிலிருந்து கிளம்பும்போது அம்மா எச்சரித்ததெல்லாம் வேறு: குழாய்த் தண்ணீர், ஆட்டோக்காரர்கள், தி. நகர் கூட்டத்தில் கைப்பை. மூன்று மணியைப் பற்றி யாருமே சொல்லவில்லை.

நான் வந்தது சுற்றிப் பார்க்க அல்ல. பையில் விரல் நீளக் குப்பி ஒன்று இருந்தது. அதற்குள் ஈஸ்ட். ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இது குச்சி குச்சியாக இருக்கும். விமான நிலையத்தில் சீருடைக்காரர் ஒருவர் என் அனுமதிக் காகிதங்களை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். குப்பியை மெதுவாக, தூங்கும் குழந்தையைத் தருவதுபோல, என் கையில் வைத்தார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

கேட்டவருக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விதான் என்னைச் சென்னை வரை இழுத்து வந்தது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஓர் எலும்புக்கூடு உண்டு. நம்முடையதுபோல அது சும்மா இருக்காது. நுண்குழல்கள் என்று பெயர், மெல்லிய இழைகள். ஒரு முனையில் வளர்ந்துகொண்டே போகும், என்ன நினைக்குமோ, சட்டென்று சரசரவெனக் கரையும், மறுபடி வளரும். இழைகளில் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் இந்தக் கூத்து முழுவதையும் நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

உயிரணுவின் உட்சாறு தண்ணீர்போல இருக்காது. எக்கச்சக்கமான புரதங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் இடம் அது. வெளியே கெட்டியான சர்க்கரைக் கரைசலை விட்டால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே போய்விடும். நெருக்கம் இன்னும் கூடும். அப்போது இழைகள் நின்றுவிடுகின்றன. வளர்வதும் இல்லை, கரைவதும் இல்லை. இதைத்தான் நான் இரண்டு ஆண்டாகச் சொல்லி வருகிறேன்.

என் பேராசிரியர் நம்பவில்லை. "நீ பிணத்தைப் படமெடுத்துவிட்டு, அது நின்றுகொண்டிருக்கிறது என்கிறாய்" என்றார். ஆங்கிலத்தில் இதைவிடக் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். நின்ற இழை மறுபடி ஓடுவதைக் காட்டினால்தான் நான் சொல்வது செல்லும். எங்கள் ஊர் நுண்ணோக்கியின் வெளிச்சம் கடுமை. இரண்டே நிமிடத்தில் பச்சை மங்கிவிடும். அடையாற்றில் ஓர் ஆய்வு நிலையத்தில் மென்மையான வெளிச்சம் உள்ள கருவி இருந்தது; நான்கு நாள் கொடுத்தார்கள். காட்ட முடியாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. எடுத்துவிட்டால் என் ஆய்வேட்டில் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்.

தங்கியது மயிலாப்பூரில், லஸ் பக்கம், ஸ்டெல்லா ஆன்ட்டி வாடகைக்கு விடும் மாடியறையில். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தார். நான் இரண்டாம் முறை சோறு கேட்டதும், "அப்பாடா, ஒழுங்கா சாப்பிடற பொண்ணு" என்றார். பிறகு, "நீ பேசறது டப்பிங் சீரியல் மாதிரியே இருக்குமா, கோச்சிக்காத" என்றார். ஐந்து நாளும் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

மறுநாள் காலை திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினேன். இந்த நிலையங்களைப் பற்றி யாரும் ஏன் எழுதுவதில்லை என்று தெரியவில்லை. வெளியே மயிலாப்பூர் கத்திக்கொண்டிருக்கிறது: பூக்காரிகள், ஹாரன், மெட்ரோ தோண்டும் இயந்திரம். படியேறினால் ஒரு மைதானத்தைக் கூரை போட்டு மூடியதுபோல வெற்றிடம். நகராத நகரும்படி. எங்கோ மேலே புறா ஒன்று இறக்கை தட்ட, அந்தச் சத்தம் தூணுக்குத் தூண் போய்த் திரும்பியது. நடைமேடையில் என்னைத் தவிர ஒரே ஒருவர், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். வண்டி வந்தது, அவர் ஏறவில்லை. கஸ்தூரிபா நகரில் இறங்கும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நுண்ணோக்கி அறைக்குப் பொறுப்பு டில்லி அண்ணன். சைதாப்பேட்டைக்காரர். நாற்பது வயதிருக்கும், காதில் எப்போதும் ஒரு பக்கம் இயர்போன். அறை மூலையில் கறுப்புத் திரை, நடுவே அந்த அற்புதக் கருவி. அதன் வெள்ளை நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும். லென்ஸ் பக்கம் படாமல் எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறார்கள்! மேஜையில் சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில் ஒன்று இருந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் போல என்று ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"பினாங்குன்றது இன்னா பக்கம்மா? சிலோனா?"

"மலேசியா அண்ணா."

"அப்ப ஏசிக்குப் பயமில்ல. வேலையப் பாரு. கரெக்டா ரெண்டு மணிக்கு நான் சாப்டப் பூடுவேன். வந்து உன்னியப் பாத்துக்கறேன்."

காலை முழுக்கச் சொர்க்கம். திரையில் ஈஸ்ட் ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று நான்கு பச்சை இழைகள், நுனிவரை ஓடுவதும் கரைவதுமாக. அன்று சர்க்கரை விடவில்லை. எதுவும் செய்யாத உயிரணு எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஒப்பிட வேறு வழியில்லை. மத்தியானமும் அதே வேலை.

மூன்று மணிக்குச் சற்று முன்பு ஓர் இழை தயங்கியது. பக்கத்து உயிரணுவில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் திரை முழுவதும் அசைவற்றுப் போனது.

கணினி உறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மூலையில் நொடிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. உயிரணுக்களுக்கு வெளியே, திரவத்தில் மிதந்த தூசித் துகள்கள் வழக்கம்போலத் துள்ளிக்கொண்டிருந்தன. உள்ளே மட்டும் எதுவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே மழை பெய்ய, வீட்டுக்குள் எல்லாரும் ஒரு கையைத் தூக்கியபடி நின்றுபோனதுபோல. சர்க்கரை விட்டால் இதுதான் நடக்கும் என்று இரண்டு ஆண்டாகச் சொன்னவள் நான். நான் விடவே இல்லை.

புதுக் கண்ணாடித் தகட்டில் புது ஈஸ்ட் வைத்தேன். இருபது நிமிடம் ஓடின. நின்றன.

அடுத்த நாள் காலையில் ஓட்டம். மூன்று மணிக்கு நின்றன. எனக்கு உதடு எரிந்தது, கண் உறுத்தியது. பயத்தில் இமைக்க மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்து டில்லி அண்ணனிடம் சொன்னேன். அவர் இயர்போனைக் கழற்றினார்.

"உனக்குமா?"

"எனக்குமான்னா?"

"வெளியூர்லேர்ந்து வரவங்க எல்லாத்துக்கும் இதே கததான்மா. போன வருசம் ஒரு கேரளா பொண்ணு. காலைல நல்லா ஓடிக்கினு கீது, மத்தியானம் ஆனா நின்னுடுது. அழுதுக்கினே ரயிலேறுச்சு. நம்ம பசங்களுக்கு ஒண்ணும் ஆவறதில்ல. ஏதோ கீது இந்த ரூம்ல. வாஸ்து பாக்கணும்னு நானும் சொல்லிக்கினே கீறேன், எவன் கேக்கறான்?"

சிரித்தேன். சிரிப்பு நன்றாக வரவில்லை. உள்ளூர்க்காரர்களை விட்டுவிட்டு விருந்தாளிகளின் உயிரணுக்களை மட்டும் மூன்று மணிக்கு நிறுத்தும் அறை!

பேராசிரியரை அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார். "எதுவும் செய்யாமலே நிற்கிறதென்றால் வெளிச்சம் கொல்கிறது. நீ இதுவரை பார்த்ததும் அதுவாகவே இருக்கலாம். அந்த அத்தியாயம் இல்லாமல் எழுத ஆரம்பித்துவிடு" என்றார். அவர் குரலில் இருந்த அன்புதான் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மனசை மாற்ற, அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை வாங்க தி. நகர் போனேன். சேலை கிடைத்தது. ரங்கநாதன் தெருவில் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் நடந்தபோது கூட்டம் இறுகியது. இறுகி, நின்றது. ஏன் என்று தெரியவில்லை. முன்னால் இருப்பவரின் கழுத்து வியர்வை என் மூக்கில் படும் தூரம். இடது கால் தூக்கியபடி, வைக்கத் தரையில்லை. எதிரே, உள்ளங்கை அகல தூரத்தில், ஓர் அம்மாளின் முகம். கடைகளின் ஒலிபெருக்கிகள்கூட அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்கின. அத்தனை ஆயிரம் பேர் இருந்த தெருவில் ஒரு குக்கர் மூடி உருண்டு நிற்கும் சத்தம் கேட்டது.

நெருக்கத்தில் நின்றுபோன என் இழைகளைத்தான் நினைத்திருப்பேன் என்று நீங்கள் ஊகிக்கலாம். நினைக்கவே இல்லை. தூக்கிய காலில் செருப்பு இருக்கிறதா என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

"தள்ளாதீங்கப்பா, கொழந்த கீது!" என்று எங்கோ ஒரு குரல். மறுநொடி மொத்தத் தெருவும் ஒரே உடம்பாக நகர்ந்தது. எதிரே இருந்த அம்மாள் என்னோடு சேர்ந்து பின்னோக்கி அடித்துச் செல்லப்பட்டபடி, "ஐயோ, நான் ஸ்டேஷனுக்கே போகலப்பா! துணிக்கடைக்குப் போறேன்!" என்று கத்தினார். அதே கூட்டம் என்னைக் கோடம்பாக்கம் போகும் வண்டியில் ஏற்றிவிட்டது. நான் போக வேண்டியது கோடம்பாக்கம் அல்ல. செருப்பு இருந்தது, ஒன்று.

மறுநாள் காலை ஸ்டெல்லா ஆன்ட்டி இட்லி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"உதடு ஏன்மா இப்படி வெடிச்சிருக்கு?"

"வெயில் ஆன்ட்டி."

"வெயில்ல இந்த ஊர்ல வேர்க்கும், வேர்க்குரு வரும், மயக்கம்கூட வரும். உதடு வெடிக்காது. கடல் இதோ இருக்கு, துணி காயவே ரெண்டு நாள் ஆவுது. நீ எங்க போய் உக்காந்துட்டு வர?"

கணக்கு டீச்சர். இட்லியைப் பாதியில் விட்டு ஓடினேன். ஆட்டோவை மெட்ரோ பள்ளத்துக்காக மந்தைவெளியைச் சுற்றி விட்டார்கள். அடையாறு பாலம் வருவதற்குள் என் மூளை அந்த அறைக்கு நான்கு முறை போய் வந்துவிட்டது.

"அண்ணா, மத்தியானம் அந்த ரூம்ல என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்காதே. நான் சாப்ட்டு வருவேன், மெசின் போடுவேன், உக்காருவேன்."

"என்ன மெஷின்?"

வெளிச்சுவரில் ஒரு சுவிட்ச். அதைப் போட்டால் கறுப்புத் திரைக்குப் பின்னால் பெட்டி ஒன்று ஓடத் தொடங்குகிறது. நான் இரண்டாவது ஏசி என்று நினைத்திருந்தேன். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம்!

டில்லி அண்ணன் விளக்கினார்: "ஒரு மணிக்கு மேல கடக்காத்து உள்ள ஏறும்மா. உப்பு, ஈரம். உட்டா லென்ஸ்ல பூஞ்ச புடிச்சிக்கும். ஒரு தபா புடிச்சிடுச்சு, நான் வாங்கின பாட்டு எனக்குத்தான் தெரியும். அதான் சாப்ட்டு வந்த ஒடனே போட்டுடுவேன். ஒரு நாளு கூட மறந்தது கெடயாது."

ஈரக்காற்று வருகிறது, அதற்காக இயந்திரம் ஓடுகிறது, அறை பாலைவனமாகிறது. என் கண்ணாடித் தகட்டில், மூடுகண்ணாடிக்கு அடியில், முடியளவு தடிப்பில் திரவம். சர்க்கரைக் கரைசலை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் காகிதத்தால் உறிஞ்ச வேண்டுமே என்று இரண்டு விளிம்புகளை நான் திறந்தே வைப்பேன். பினாங்கில் எங்கள் ஆய்வகக் காற்று ஈரத் துண்டு மாதிரி. நாள் முழுக்கத் திறந்து வைத்தாலும் ஒன்றும் ஆகாது. இங்கே தண்ணீர் விளிம்பு வழியாகப் பறந்துவிட, உப்பும் சத்தும் மட்டும் கெட்டியாகிவிட்டன. சர்க்கரை செய்யும் வேலையை வறண்ட காற்றே செய்துவிட்டது. பழைய படங்களை எடுத்து அளந்தேன். மூன்று மணி உயிரணுக்கள் காலையில் இருந்ததைவிட ஒடுங்கியிருந்தன.

"உங்க பசங்களுக்கு ஏன் ஆகலே?"

டில்லி அண்ணன் மேஜையில் இருந்த சிவப்புப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். "அவங்க நாலு பக்கமும் இத்த பூசிக்கினுதான் வருவாங்க. பாண்டி பஜார் சரக்கு. ஏன்டா பூசறன்னு கேட்டா சீனியர் சொன்னாங்கம்பான். அந்த சீனியருக்கு எவன் சொன்னானோ."

நாலு விளிம்பும் அடைபட்டால் தண்ணீர் பறக்க வழியே இல்லை. வாஸ்துவைத் தேடிக்கொண்டிருந்தவரே அந்த அறையின் பேயும்கூட. அதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப அந்தக் கேரளா பொண்ணு என்னாலயா அழுதுச்சு?" என்றார். அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

அன்று மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் இயந்திரத்தைப் போடாமல் இருக்கச் சம்மதித்தார். அந்த ஒரு மணி நேரமும் லென்ஸுக்குக் காவல் இருப்பதுபோல வாசலிலேயே நின்றார். மூன்று மணி வந்தது. இழைகள் ஓடின. மூன்றரைக்கும் ஓடின. வெளிச்சம் கொல்லவில்லை. ஆனால் நின்றவை உயிரோடு நிற்கின்றனவா என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஒரே ஒரு நாள் பாக்கி.

சாயங்காலம் டில்லி அண்ணன் சைதாப்பேட்டையில் அத்தோ வாங்கிக் கொடுத்தார். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸாம். எங்கள் ஊர் மீ கோரெங்கின் கோபக்காரத் தம்பி: புளி, வறுத்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு தட்டை, தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது, குடிக்க வாழைத்தண்டு சூப். இரண்டு தட்டு சாப்பிட்டேன். அவர் பாதியோடு வைத்துவிட்டார்.

"நாளைக்கு முழிக்குமாம்மா அது?"

"தெரியாது அண்ணா."

கடைசி நாள், இரண்டரை மணிக்கு அவரே கேட்டார்: "போட்டுடவா?" போடுங்கள் என்றேன். சுவிட்சின் சத்தம் எனக்கு உள்ளேயே கேட்டது.

திரையின் நடுவில் இரண்டு உயிரணுக்கள். காலையில் ஒன்றாக இருந்து, என் கண்ணெதிரே குறுக்குச் சுவர் எழுப்பி, இரண்டாகப் பிரிந்தவை. ஒரே அம்மா, ஒரே வயது, ஒரே திரவம். மூன்றுக்குச் சற்று முன் முதலில் ஒன்றில் தயக்கம். பிறகு மற்றதில். இரண்டிலும் இழைகள் நின்றன. ஒன்றில் பாதி வளர்ந்த இழை. மற்றதில் கரைந்துகொண்டிருந்த இழை, கரைந்த இடத்திலேயே அந்தரத்தில். பத்து நிமிடம் அப்படியே விட்டேன். டில்லி அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மூச்சு விடுகிறாரா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

ஒரு விளிம்பில் புதிய ஊட்டக்கரைசல், ஒரே சொட்டு. மறு விளிம்பில் காகிதத் துண்டு.

படம் ஒரு கணம் கலங்கித் தெளிந்தது. உயிரணுக்கள் லேசாக உப்பின. இழைகள் அசையவில்லை. எனக்குப் பேராசிரியரின் குரல் கேட்டது. அப்புறம், இடதுபக்க உயிரணுவில், பாதியில் நின்ற இழை வளர்ந்தது. புதிதாக ஆரம்பிக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து, பேச்சை நடுவில் நிறுத்தியவர் அதே வார்த்தையிலிருந்து தொடர்வதுபோல, நுனியை நோக்கிப் போனது. திரையின் ஓரத்தில் இன்னொரு உயிரணு. அதற்கும் அப்பால் இன்னொன்று. பச்சை திரும்பி வந்துகொண்டே இருந்தது.

"முழிச்சிக்கிச்சு! யம்மா, முழிச்சிக்கிச்சு!" டில்லி அண்ணன் என் நாற்காலியைப் பிடித்து உலுக்கினார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

பிறகு அவர் குனிந்தார். "இது இன்னாம்மா, பக்கத்துல கீறது மட்டும் அப்பிடியே கீது?"

"வரும் அண்ணா."

காத்திருந்தோம். கரையும் நடுவே நின்ற அந்த இழை அந்தரத்திலேயே இருந்தது. இன்னொரு சொட்டு விட்டேன். முதலில் முழித்த அக்காவுக்குள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவளை ஒட்டியபடி தங்கை. ஒரு மணி நேரம் பார்த்தேன். மெதுவாக அதன் பச்சை, இழையிலிருந்து கசிந்து, உள்ளெங்கும் பனிபோலப் பரவி, மங்கியது. திரையில் அப்படி இன்னும் இரண்டு மூன்று இருந்தன. கொண்டாட்டத்தில் நான் கவனிக்கவில்லை.

"எது போயிடுச்சு, எது சும்மா நின்னுக்கினு இருந்துச்சுன்னு மொதல்லயே தெரியாதா?" என்று கேட்டார்.

அதைத்தான் நானும் தேடினேன். படத்தைப் பின்னோக்கி ஓட்டி, நின்றிருந்த அந்தப் பத்து நிமிடத்தை ஒவ்வொரு சட்டகமாகப் பார்த்தேன். ஒளி, அகலம், இழைகளின் எண்ணிக்கை. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

படத்தை முழுசாக, தங்கையை வெட்டாமல், பேராசிரியருக்கு அனுப்பினேன். விமானத்துக்குப் புறப்படும் முன் பதில் வந்துவிட்டது. "அத்தியாயம் இருக்கட்டும். நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று: நிற்கும்போது பார்த்து, இது திரும்பும், இது திரும்பாது என்று உன்னால் சொல்ல முடிகிறதா?"

ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டேன், அவர் கேள்விக்குப் பதிலாக வர வேண்டிய அந்த ஒரு பத்தியைத் தவிர. தினமும் காலையில் அந்தப் பத்து நிமிடத்தைப் போட்டு உட்கார்கிறேன். நொடிக் கணக்கு ஓடுகிறது, வெளியே தூசி துள்ளுகிறது. அக்காவும் தங்கையும் அருகருகே நிற்கிறார்கள். எவள் அக்கா என்று தெரிந்தும், ஒவ்வொரு முறையும் இறுதிவரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.